தொலைந்த அத்தியாயத்தைத் தேடும் முறை: பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ஆரம்பகால நாடகங்கள்

1953ஆம் ஆண்டின் கோடையில் பிபிசி ஒளிபரப்பிய ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ தொடரின் இரண்டாம் அத்தியாயத்தை இன்று பார்த்தால், காட்சியின் நடுவே ஒரு பூச்சி வந்து உட்கார்ந்து சில நிமிடங்கள் அங்கேயே இருப்பதைக் காணலாம். அது நாடகம் நடந்த அரங்கில் இருந்த பூச்சி அல்ல. நேரலையாக நடந்துகொண்டிருந்த நாடகத்தைத் தனியே ஒரு திரையில் ஓடவிட்டு, அந்தத் திரைக்கு எதிரே பிலிம் கேமராவை நிறுத்திப் படம் பிடித்தார்கள். அந்தத் திரையின் மேல் வந்து அமர்ந்த பூச்சி அது. இவ்வாறு பதிவு செய்யும் முறைக்கு டெலிரெக்கார்டிங் என்று பெயர். பதிவின் தரம் திருப்தி தராததால், ஆறு அத்தியாயங்களில் முதல் இரண்டோடு அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். மீதி நான்கும் ஒளிபரப்பான இரவுகளோடு முடிந்து போயின. அவற்றை எவராலும் எங்கும் கண்டுபிடிக்க முடியாது.

தேடலைத் தொடங்குகிறவர் இந்தப் பூச்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். நாம் ஏங்குவது கதைக்காகவும் நடிப்புக்காகவும் என்றாலும், கைக்கு அகப்படக்கூடியது ஒரு பொருள் மட்டுமே. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட அறையில், ஒரு குறிப்பிட்ட கருவியால் உண்டாக்கப்பட்ட பிலிம் சுருள் அல்லது காந்த நாடா அது. அந்தப் பொருள் உண்டானதா, அதிலிருந்து எத்தனை பிரதிகள் எடுக்கப்பட்டன, ஒவ்வொரு பிரதியும் யார் கைக்குப் போனது, அங்கிருந்து அது எப்படி வெளியேறியது என்று இந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போனால்தான் தேடல் நகரும். வரிசையை மாற்றி, எங்கோ யாரோ ஒளித்து வைத்திருக்கிறாராம் என்ற வதந்தியிலிருந்து தொடங்கியவர்கள் பல ஆண்டுகளை வீணாக்கியிருக்கிறார்கள்.

பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

பிபிசியின் தொலைக்காட்சிச் சேவை 1936 நவம்பர் 2 அன்று லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து தொடங்கியது. போர் காரணமாக 1939 செப்டம்பர் 1 அன்று நிறுத்தப்பட்டு, 1946 ஜூன் 7 அன்று மீண்டும் தொடங்கியது. அந்த முதல் மூன்றாண்டுகளின் நாடகங்கள் நேரலையாக நடந்தவை. ஒளிபரப்பைப் படமாகப் பதியும் வழக்கமே அப்போது இல்லை. டெலிரெக்கார்டிங் 1947 அளவில் வந்தது. வந்த பிறகும் அதை நாடகங்களுக்கு அரிதாகவே பயன்படுத்தினார்கள். ஒரு நாடகத்தை மறுபடி காட்ட விரும்பினால், நடிகர்களை அதே வாரத்தில் மீண்டும் வரவழைத்து முழுவதையும் இன்னொரு முறை நடிக்க வைப்பதே வழக்கமாக இருந்தது. 1954 டிசம்பரில் ருடால்ஃப் கார்ட்டியர் இயக்கிய ‘நைன்டீன் எய்ட்டி-ஃபோர்’ நாடகம் 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒருமுறையும், 16ஆம் தேதி வியாழக்கிழமை ஒருமுறையும் நடிக்கப்பட்டது. இன்று நம்மிடம் இருப்பது வியாழக்கிழமை நடிப்பின் பதிவு. ஆகவே ஒரு நாடகம் எஞ்சியிருக்கிறது என்று எங்கேனும் படித்தால், எந்த நாளின் நடிப்பு எஞ்சியிருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வணிகத் தொலைக்காட்சியான ஐடிவியிலும் இதே நிலைதான். 1958 நவம்பர் 30 அன்று ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ வரிசையில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற நாடகம் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தபோது, கேரத் ஜோன்ஸ் என்ற இளம் நடிகர் தம் காட்சிகளுக்கு இடையே உயிரிழந்தார். மற்ற நடிகர்கள் வசனங்களை அந்தக் கணமே மாற்றிக்கொண்டு நாடகத்தை முடித்தார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சி வரலாற்றின் மிகத் துயரமான அந்த மாலைக்குப் பதிவு கிடையாது.

1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகல வீடியோ நாடாவை அறிமுகப்படுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் நிலையங்களும் அதற்கு மாறின. இந்த நாடாவால்தான் பதிவுகள் பெருகின. இதே நாடாவால்தான் அவை அழிந்தன. விலை மிக அதிகம், அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்ற இரண்டு குணங்கள் ஒன்றாகச் சேர்ந்ததன் விளைவு அது. நடிகர் சங்கமான ஈக்விட்டியுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியதால், பழைய நாடாவை வைத்திருந்து பயனில்லை என்று கருதினார்கள். 1967இல் பிபிசி 2இலும், 1969 நவம்பரில் பிபிசி 1, ஐடிவி இரண்டிலும் வண்ணம் வந்த பின்னர் கறுப்பு வெள்ளை நாடகத்தைக் கேட்பாரும் இல்லை. 1970களின் இறுதியில்தான் எதைக் காப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பை பிபிசி ஒருவரிடம் ஒப்படைத்தது.

இதிலிருந்து காலத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். போருக்கு முந்தைய நாடகங்களுக்குப் புகைப்படங்கள், வசனப் பிரதிகள், குறிப்புகள் ஆகியவற்றை மட்டுமே எதிர்பார்க்கலாம். 1947 முதல் 1957 வரை நம்பிக்கை மெல்லியது. 1958 முதல் 1970 வரையிலான நாடகங்களே தேடலுக்கு உகந்தவை. உங்கள் உழைப்பின் பெரும்பங்கை அங்கே செலவிடுங்கள்.

ஒரு நாடகத்தின் தேதியையும் நேரத்தையும் உறுதி செய்ய, ரேடியோ டைம்ஸ் இதழின் பட்டியல்களை எண்ணியலாக்கிய பிபிசி ஜீனோம் என்ற தளம் போதும். ஐடிவி நாடகங்களுக்கு டிவி டைம்ஸ் இதழின் பழைய பிரதிகளைப் பார்க்க வேண்டும். அதன்பின் வரும் கட்டம்தான் முக்கியமானது. ரெடிங் நகருக்கு அருகே கேவர்ஷமில் இருக்கும் பிபிசி எழுத்து ஆவணக் காப்பகத்தில் தயாரிப்புக் கோப்புகளும், அன்றன்று உண்மையில் என்ன ஒளிபரப்பானது என்ற பதிவேடுகளும் இருக்கின்றன. ஆய்வாளர்கள் முன்அனுமதி பெற்று அவற்றைப் பார்க்கலாம். 1960களின் கேமரா ஸ்கிரிப்ட் ஒன்று கைக்குக் கிடைத்தால் அதன் முதல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பதிவு நடந்த தேதியும் நாடாவின் எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த எண்ணின் முன்னெழுத்துகளைக் கவனியுங்கள். பதிவு வீடியோ நாடாவில் நடந்ததா, 35 மி.மீ. பிலிமில் நடந்ததா என்பதை அவை காட்டும். இந்த ஒரு வரி, அந்த நாடகம் எந்தப் பொருளாக உருவெடுத்தது என்பதைச் சொல்லிவிடும்.

எந்த நாடகம் எஞ்சியிருக்கிறது, எது இல்லை என்ற பட்டியலைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருவது கெலிடாஸ்கோப் என்ற அமைப்பு. பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட்டும் தன் தேசியக் காப்பகத்தின் பட்டியலைத் தேடலுக்குத் திறந்து வைத்திருக்கிறது; 1993 முதல் ‘மிஸ்ஸிங் பிலீவ்ட் வைப்ட்’ என்ற பெயரில் மீட்கப்பட்டவற்றைத் திரையிட்டும் வருகிறது. இவற்றைப் பார்க்காமல் ஒரு நாடகத்தைத் தொலைந்ததென்று முடிவு செய்யக் கூடாது.

எதைத் தேடுவது என்பதைப் பற்றி ஒரு சொல். பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் 1960களின் அத்தியாயங்களைத் தேடுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் உண்டாக்கிய முறைகளே இந்தத் துறைக்கு இலக்கணமாக அமைந்தன என்பதால் இக்கட்டுரையிலும் அத்தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஒரே ஒரு மாலை ஒளிபரப்பாகி மறைந்த தனி நாடகங்களுக்கு அப்படிப்பட்ட ரசிகர் கூட்டம் இல்லை. 1963இல் நைஜல் நீல் எழுதிய ‘தி ரோடு’, பதினெட்டாம் நூற்றாண்டுக் காட்டில் கேட்கும் அமானுஷ்ய ஓலங்கள் உண்மையில் எதிர்காலத்தின் அணுப் போரிலிருந்து வருபவை என்று முடியும் நாடகம். அதன் வசனப் பிரதி மட்டும் இருக்கிறது, பதிவு இல்லை. இப்படிப்பட்ட ஒன்றை, ஒன்றே ஒன்றை, உங்களுடையதாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பத்து நாடகங்களை மேலோட்டமாகத் தேடுவதைவிட ஒரு நாடகத்தின் எல்லாப் பிரதிகளையும் பின்தொடர்வது பலன் தரும்.

வெளிநாட்டுக்குப் போன பிரதிகள்

வீடியோ நாடா ஒரு துறையின் பொறுப்பு. வெளிநாட்டு விற்பனைக்காக அதிலிருந்து எடுக்கப்பட்ட 16 மி.மீ. பிலிம் பிரதிகள் பிபிசி என்டர்பிரைசஸ் என்ற வேறொரு பிரிவின் பொறுப்பு. ஒன்றில் அழிக்கப்பட்டது மற்றொன்றில் இருந்திருக்கலாம். இரண்டிலும் அழிந்த பின்னரும், விற்கப்பட்ட பிரதி கடல் கடந்து எங்கோ இருந்திருக்கலாம். இதுவரை மீண்டவற்றில் மிகப் பெரும்பான்மை இந்த 16 மி.மீ. பிரதிகளே. மறுதலையாக, வெளிநாட்டு விற்பனைக்கே தரப்படாத ஒன்று மீள்வது மிகவும் கடினம். 1965 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பான ‘தி ஃபீஸ்ட் ஆஃப் ஸ்டீவன்’ என்ற ‘டாக்டர் ஹூ’ அத்தியாயம் அப்படிப்பட்டது.

ஒரு பிரதி எவ்வாறு பயணம் செய்தது என்று அறிவது அவசியம். ஒளிபரப்பு உரிமைக் காலம் முடிந்ததும், பிரதியை அழித்துவிட வேண்டும், அல்லது லண்டனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அடுத்து வாங்கிய நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். செலவைக் குறைக்க மூன்றாவது வழியே பல வேளைகளில் பின்பற்றப்பட்டது. ஒரே பிரதி இரண்டு மூன்று நாடுகளைச் சுற்றியிருக்கலாம். எனவே உங்கள் நாடகத்துக்கு ஓர் அட்டவணை தயாரித்து, ஒவ்வொரு நாட்டிலும் அது எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது என்று நிரப்புங்கள். ஓரிடத்தில் முடிந்த சில மாதங்களில் இன்னோரிடத்தில், அதே அத்தியாயங்களோடு, அதே விடுபடல்களோடு தொடங்கியிருந்தால் ஒரே பிரதிதான் பயணம் செய்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அப்படிப்பட்ட சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் உங்களுக்கு வேண்டியது. அங்கிருந்து மேலே அனுப்ப நாடு இருந்திருக்காது.

தேதிகளை நிரப்ப அந்தந்த நாட்டு நாளிதழ்களின் தொலைக்காட்சிப் பட்டியல்களைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டிரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூரின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி ஆகிய எண்ணியல் நாளிதழ்க் களஞ்சியங்கள் இதற்குப் பேருதவி. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 1998இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் பிலிம் சேகரிப்பாளர் சந்தை ஒன்றில் கைமாறிய ஒரு சுருள், ‘டாக்டர் ஹூ’வின் ‘தி லயன்’ என்ற தொலைந்த அத்தியாயம் என்று அடுத்த ஆண்டில் தெரியவந்தது. அந்தக் கதை நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அங்கே ஒளிபரப்பாகவே இல்லை. பட்டியலில் இல்லை என்பதற்காக அந்த நாட்டை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டிருந்தால் சரியான நாட்டையே நீக்கியிருப்போம்.

நாளிதழுக்கு அடுத்தபடியாகத் தணிக்கைக் கோப்புகள். ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் வெளிநாட்டுப் பிரதிகளைப் பார்த்து, வன்முறையாகத் தோன்றியவற்றை வெட்டி, வெட்டிய நீளத்தைக் குறித்து வைத்தார்கள். ஒரு அத்தியாயத்துக்கு அந்தக் குறிப்பு இருந்தால், பிரதி அந்த நாட்டுக்குள் வந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேண்டாம். குறிப்பு மட்டுமல்லாமல், வெட்டிய துண்டுகளே 1996இல் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. அழகு என்னவென்றால், 2011 டிசம்பரில் ‘தி அண்டர்வாட்டர் மெனஸ்’ கதையின் இரண்டாம் அத்தியாயம் மீண்டபோது, அது ஆஸ்திரேலியாவில் வெட்டுப்பட்ட பிரதியாகவே இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்த துண்டுகள் அந்த இடைவெளிகளில் சரியாகப் போய் அமர்ந்தன.

நிலையங்களுக்கு எழுதும்போது பொதுவாகக் கேட்காதீர்கள். ‘உங்களிடம் பழைய பிரிட்டிஷ் நாடகங்கள் இருக்கின்றனவா’ என்ற கடிதத்துக்கு ‘இல்லை’ என்ற பதில் வரும். அதை எழுதியவர் பட்டியலைக்கூடத் திறந்திருக்க மாட்டார். நாடகத்தின் பெயர், அத்தியாயத்தின் தனிப்பெயர், அங்கே ஒளிபரப்பான தேதி, பிலிமின் அகலம், ஓடும் நேரம் ஆகியவற்றை எழுதி, நிலையம் இடம் மாறியபோது பிலிம் கிடங்கு எங்கே போனது, மலையுச்சி மறு ஒளிபரப்பு நிலையங்களுக்குப் பிரதிகள் அனுப்பப்பட்டனவா என்று கேளுங்கள். 2013 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மீட்பு இதற்குச் சான்று. பிலிப் மோரிஸ் என்ற தேடுநர் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் இருந்த ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கில் ‘தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்’, ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ என்ற இரு கதைகளின் சுருள்களைக் கண்டெடுத்தார். பதினொரு அத்தியாயங்கள் வந்தன. அவற்றில் ஒன்பது அதுவரை உலகில் எங்கும் இல்லாதவை. தலைநகரத் தலைமையகத்துக்கு மட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் அவை இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

சில வேளைகளில் பொருள் பத்திரமாக, பெயரோடு, பட்டியலில் ஏறியே இருக்கும். ஆனால் அது மற்ற இடங்களில் இல்லை என்பது வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவின் என்இடி என்ற கல்வித் தொலைக்காட்சி வலையமைப்பு 1960களில் பிரிட்டிஷ் நாடகங்களை வாங்கி ஒளிபரப்பியது. அதன் சேகரிப்பு பின்னர் வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தை அடைந்தது. 1957 முதல் 1970 வரையிலான அறுபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நாடகங்கள் அங்கே இருப்பது 2010இல் வெளிவந்தது. ஷான் கானரி நடித்த ‘கொலம்ப்’ அவற்றில் ஒன்று. ‘தி அவெஞ்சர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடரின் 1961ஆம் ஆண்டு முதல் பருவத்திலிருந்து ஒரு முழு அத்தியாயமும், இன்னொன்றின் முதல் பாகமும் 2001இல் லாஸ் ஏஞ்சலிஸின் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருந்து வந்தன. எனவே நூலகப் பட்டியல்களைத் தொலைந்தவற்றின் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடும் வேலை, எவ்வளவு சலிப்பூட்டினாலும், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

ஒப்பிடும்போது பெயர்களில் கவனம் தேவை. 1966 வரை ‘டாக்டர் ஹூ’வின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனிப்பெயர் இருந்தது, பிலிமின் தொடக்கத்தில் தெரிவது அந்தப் பெயரே. ‘தி லயன்’ என்று மட்டும் எழுதிய டப்பாவை ஒரு நூலகர் விலங்குப் படங்களோடு வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தனி நாடகங்களும் தம் வரிசையின் பெயரில் அல்லாமல் நாடகத்தின் பெயரிலோ எழுத்தாளர் பெயரிலோ பதிவாகியிருக்கும். எல்லாப் பெயர்களிலும், முன்னே வரும் ‘தி’ என்ற சொல்லை நீக்கியும் தேடுங்கள்.

ஐடிவி நாடகங்களுக்கு இன்னொரு சுற்று உண்டு. ஐடிவி என்பது பல வட்டார நிறுவனங்களின் கூட்டமைப்பு; உரிமங்கள் மாறியபோது நிறுவனங்கள் மறைந்தன, இணைந்தன, விற்கப்பட்டன. 1968இல் ஏபிசியும் ரிடிஃப்யூஷனும் சேர்ந்து தேம்ஸ் என்ற நிறுவனம் ஆனதுபோல நிகழ்ந்த ஒவ்வொரு மாற்றத்திலும் கிடங்குகள் கைமாறின. நாடகத்தைத் தயாரித்த நிறுவனத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை வம்சாவளியை எழுதிக்கொள்ளாமல் எவருக்கும் கடிதம் எழுத வேண்டாம்.

சேகரிப்பாளரை அணுகும்போது

குப்பைக்குப் போக வேண்டிய சுருள்களை ஊழியர்கள் சிலர் மனம் கேளாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அவை கைமாறி, சந்தைகளுக்கு வந்து, சேகரிப்பாளர்களிடம் சேர்ந்தன. இன்று பிரிட்டனுக்குள் மீளக்கூடியவை பெரும்பாலும் இவர்களிடம்தான் இருக்கின்றன. இவர்களைப் பற்றிப் பேசும்போது ‘பதுக்கியவர்கள்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவது அநியாயம் என்றே கருதுகிறேன். நிறுவனங்கள் எறிந்ததை அவர்கள் காத்தார்கள்.

அவர்களின் அச்சத்துக்குக் காரணமும் உண்டு. 1970களில் பிலிம் வைத்திருந்ததற்காகவே சேகரிப்பாளர்கள் வழக்குகளைச் சந்தித்தார்கள். புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் பாப் மங்க்ஹவுஸ்கூட 1979இல் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. அவர் விடுவிக்கப்பட்டார், ஆனால் பறிமுதலான பிலிம்களில் பல அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 2003இல் அவர் மறைந்த பின், அவருடைய பெரும் சேகரிப்பில் வேறெங்கும் இல்லாத நிகழ்ச்சிகள் இருந்தது தெரியவந்தது. அந்தக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் ஒருவர், அறிமுகமில்லாதவர் எழுதிய கடிதத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வது இயல்பு.

ஆகவே முதல் சந்திப்பில் பட்டியல் கேட்காதீர்கள். அவருக்குப் பிடித்த படங்களைப் பற்றிப் பேசுங்கள், அவர் திரையிட்டுக் காட்டினால் அமர்ந்து பாருங்கள். சுருள் அவருடைய சொத்தாகவே இருக்கும், தேவைப்படுவது நகல் எடுப்பதற்காகச் சில நாள் இரவல் மட்டுமே, பெயரை வெளியிடுவதும் மறைப்பதும் அவர் விருப்பம் என்பதை உரிய நேரத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். காப்பகங்கள் பொதுவாக இந்த முறையையே பின்பற்றுகின்றன. பிலிமை வைத்திருப்பதும் அதன் பதிப்புரிமையும் வெவ்வேறு என்பதையும், ஒளிபரப்பும் உரிமை அவரிடமோ உங்களிடமோ இல்லை என்பதையும் இருவரும் புரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயரையோ ஊரையோ இணையத்தில் ஒருபோதும் குறிப்பிடாதீர்கள். ஒரு வதந்தி பரவினால், பேச முன்வந்த மனிதர் பின்வாங்கிவிடுவார்; அவரோடு அந்தச் சுருளும் போய்விடும்.

பலருக்குத் தம்மிடம் இருப்பதன் அருமை தெரியாது. மேலே சொன்ன 2011ஆம் ஆண்டு மீட்பில், அந்த அத்தியாயத்தையும் அதோடு மீண்ட இன்னொன்றையும் வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர். 1980களில் ஒரு சந்தையில் வாங்கியவர், அவை தொலைந்தவை என்று அறியாமலே கால் நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்தார். அதனால் நட்போடு கேட்கும் ஒரு கேள்வியே சில வேளைகளில் போதுமானது. சேகரிப்பாளர்கள் முதுமை அடைந்து வரும் இந்த ஆண்டுகளில் வாரிசுகளைச் சந்திப்பது இன்னும் அவசரமானது. வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்குத் துருப்பிடித்த நூறு டப்பாக்கள் சுமையாகவே தெரியும். சேகரிப்பாளர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உதவ ‘ஃபிலிம் இஸ் ஃபேபுலஸ்’ என்ற அறக்கட்டளை பிரிட்டனில் இயங்கி வருகிறது. அவர்களைப் பற்றிக் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்.

யாராவது பெரும்தொகை கேட்டால், அல்லது மங்கலான ஒற்றைப் படத்தை மட்டும் காட்டினால், பணம் கொடுக்க வேண்டாம். எஞ்சியிருக்கும் புகைப்படங்களில் இல்லாத ஒரு காட்சியின் சில வினாடிகளைக் கேளுங்கள்.

டப்பாவைத் திறக்கும் முன்

மூடியை இலேசாகத் தளர்த்தி, முதலில் மணத்தைக் கவனியுங்கள். காடி நெடி அடித்தால் பிலிமின் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தச் சிதைவு தானே வேகம் பிடிக்கும், அருகிலுள்ள சுருள்களையும் பாதிக்கும். அந்த டப்பாவைத் தனியே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, நாள் கடத்தாமல் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள்.

அடுத்து அகலம். 16 மி.மீ. என்றால் தீ அச்சம் இல்லை. அந்த அகலம் பாதுகாப்பு பிலிமாகவே தயாரிக்கப்பட்டது. 35 மி.மீ. சுருள் 1950களின் தொடக்கத்துக்கு முற்பட்டதாகத் தோன்றினால் அது நைட்ரேட்டாக இருக்கக்கூடும். நைட்ரேட் பற்றிக்கொண்டால் அணைப்பது மிக அரிது. திறக்காமல், நகர்த்தாமல், நிபுணரை அழையுங்கள்.

16 மி.மீ. சுருளைக் கழுவி உலர்த்திய கைகளால், ஓரங்களை மட்டும் பிடித்து, முதல் இரண்டு மூன்று அடியை மட்டும் பிரித்து, வெள்ளை ஒளிக்கு எதிரே பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் துளைகள் இருந்து, மறுபக்கம் அலைபோன்ற ஒரு பட்டை ஓடினால் அது ஒலித்தடம்; படமும் ஒலியும் சேர்ந்த பிரதி என்று பொருள். படத்தின் மூலைகள் சற்று வளைந்து, குறுக்கே மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால், அது திரையிலிருந்து எடுக்கப்பட்ட டெலிரெக்கார்டிங். தொலைக்காட்சிக்காகவே பிலிமில் எடுத்த தொடர்களில் அந்தக் கோடுகள் இருக்காது. கோடாக் பிலிம் என்றால் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைக் காட்டும். ஆனால் இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்ப வரும் என்பதையும், நெகட்டிவின் குறிகள் பிரதியிலும் பதிந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீளமும் ஒரு சாட்சி. நொடிக்கு 25 சட்டங்கள் என்ற கணக்கில் 16 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 37.5 அடி ஓடும். 25 நிமிட அத்தியாயம் ஏறக்குறைய 940 அடி. டப்பாவில் 400 அடிச் சுருள் மட்டும் இருந்தால், அதன்மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் முழு அத்தியாயம் அதில் இல்லை. டப்பாவின் மேல் இருக்கும் பெயரை எப்போதும் ஐயத்தோடே பாருங்கள். டப்பாக்கள் மாறுவது மிக இயல்பு. பிலிமின் தொடக்கத் துண்டில் கையால் எழுதியிருப்பது அதைவிட நம்பத்தக்கது. ஒட்டுச்சீட்டு, முத்திரை, கிழிந்த அனுப்புச்சீட்டு என எதையும் எறியாமல் புகைப்படம் எடுத்து வையுங்கள். அந்தப் பிரதி எந்த நாட்டுக்குப் போய் வந்தது என்று சொல்பவை அவைதான். அதே கப்பலில் போன மற்ற அத்தியாயங்களின் தடமும் அங்கிருந்து தொடங்கும்.

ஆர்வம் எவ்வளவு உந்தினாலும் புரொஜெக்டரில் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். சுருங்கிய பிலிமின் துளைகளைப் புரொஜெக்டரின் பற்கள் கிழித்துவிடும். அறுபது ஆண்டு காத்திருந்த ஒன்றை ஒரு மாலையில் அழித்துவிட நேரிடும். வீடியோ நாடாவுக்கும் இதே விதிதான். அதற்கான இயந்திரங்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன; அவற்றை இயக்கத் தெரிந்தவர்களிடமே கொடுங்கள்.

படம் கிடைக்காதபோது

படம் இல்லாத இடத்திலும் தேட நிறைய இருக்கிறது. ஜான் கியூரா என்ற புகைப்படக்காரர் 1947 முதல் 1960களின் இறுதி வரை தொலைக்காட்சித் திரையையே படமெடுத்து, ‘டெலிஸ்னாப்’ என்ற பெயரில் நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்று வந்தார். பதிவே செய்யப்படாத நேரலை நாடகங்களுக்குக்கூட அவர் எடுத்த சிறு படங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ‘டாக்டர் ஹூ’வின் பல அத்தியாயங்களுக்கான தொகுப்பு 1993இல் கேவர்ஷம் காப்பகத்தின் கோப்புகளுக்குள்ளேயே கிடைத்தது. எனவே நடிகர்களின் குடும்பத்தாரிடம் பேசும்போது, பிலிம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வராமல், பழைய ஆல்பங்களையும் ஒட்டுப் புத்தகங்களையும் காட்டும்படி கேளுங்கள்.

ஒலிநாடாக்களும் அவ்வாறே. ஒலிப்பதிவுக் கருவியின் மைக்கைத் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு அருகே வைத்து, வீட்டில் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிப் பதிந்த ரசிகர்களால், தொலைந்த ‘டாக்டர் ஹூ’ அத்தியாயங்கள் அத்தனைக்கும் ஒலி எஞ்சியிருக்கிறது. 2006 முதல் அந்த ஒலிக்கு அனிமேஷன் சேர்த்து வெளியிட்டும் வருகிறார்கள். 1963 ஜனவரியில் பாப் டிலன் நடித்துப் பாடிய ‘மேட்ஹவுஸ் ஆன் காஸில் ஸ்ட்ரீட்’ நாடகத்தின் பதிவு 1968இல் அழிக்கப்பட்டது. வீட்டு ஒலிப்பதிவுகளால்தான் பாடல்களைச் சிறிதேனும் கேட்க முடிகிறது. தலைப்பில்லாத பழைய ஒலிநாடாச் சுருள்களை எவரேனும் தர முன்வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிடைத்த பின்னும், கிடைக்காத பின்னும்

சுருள் தொலைந்ததுதான் என்று தோன்றினால், பிபிசி காப்பகத்தையோ, பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட்டையோ, கெலிடாஸ்கோப்பையோ நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள். முடிந்தவரை தபாலில் அனுப்பாமல் கையோடு கொண்டு சேருங்கள். ஒப்படைக்கும்போது உரிமையாளர் யார், எத்தனை நாளுக்கு இரவல், பெயர் வெளியிடலாமா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பு வெளிவரும் வரை மாதங்கள் ஆகலாம். உரிமைகளைச் சரிபார்க்கவும், படத்தைத் துப்புரவு செய்து நகல் எடுக்கவும் அவ்வளவு காலம் தேவைப்படும். அதுவரை நெருங்கிய நண்பரிடம்கூடச் சொல்லாமல் இருப்பது சேகரிப்பாளருக்கு நீங்கள் கொடுத்த வாக்கின் ஒரு பகுதி.

பெரும்பாலான தேடல்களில் எதுவும் கிடைக்காது. அப்போது உங்கள் அட்டவணையைக் கிழித்துப் போடாமல், எந்த நிலையத்துக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள், யார் என்ன பதில் தந்தார், எந்தக் கிடங்கு எந்த ஆண்டில் காலி செய்யப்பட்டது, எந்த நூலகப் பட்டியலை எந்தப் பெயர்களில் தேடினீர்கள் என்பதையெல்லாம் தேதியிட்டுத் தெளிவாக எழுதி, கெலிடாஸ்கோப் போன்ற அமைப்புக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். அடுத்து அதே நாடகத்தைத் தேட வருபவர் நீங்கள் நிறுத்திய நாட்டிலிருந்து தொடங்குவார்.